எந்தக் கால ஊனுன?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சூரமங்கலத்தில், நின்றுகொண்டிருந்த வண்டியோடு கீழே விழுந்தேன்.

நண்பர் ஒருவரின் பெரிய அட்வென்ச்சர் வண்டியை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கியிருந்தேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை. ஏற்காடு ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தடுமாற்றமில்லாமல் இறங்கி, ஜங்ஷன் வரை வந்துவிட்டேன். வீட்டுக்கு இன்னும் அரை கிலோமீட்டர். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. ஓரங்கட்டினேன், நிறுத்தினேன், இடது காலை ஊன்றினேன். ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இல்லை. ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோதான் குறைந்தது. இருநூறு கிலோ வண்டி சாய அது போதும். மெதுவாக, மாடு படுப்பதுபோல, வண்டி இடது பக்கம் படுத்தது. நானும் கூடவே படுத்தேன்.

டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கிக்கொண்டே ஒருவர் கேட்டார்: "பாப்பா, கால் எட்டாத வண்டி எதுக்கும்மா?" எனக்கு முப்பத்தொரு வயது. உயரம் 158 சென்டிமீட்டர். பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது கேள்வி கேட்டார்.

"எந்தக் கால ஊனுன?"

"இடது கால்தான். வேற எத ஊன முடியும்?"

"அதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அந்த 'அதான்' எனக்கு விளங்க ஏழெட்டு மாதம் ஆனது. அதற்குள் இந்த வண்டிகளின் வரலாற்றில் கொஞ்ச தூரம் போய்வந்துவிட்டேன்.

*

மோட்டார்சைக்கிள் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு வகை. எண்களைப் பேசுபவர்கள் ஒரு வகை: எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன். இன்னொரு வகை, வண்டியை வாங்கி ஐந்து வருடம் ஓட்டியவர்கள். இவர்களிடம் குதிரைத்திறனைப் பற்றிக் கேட்டால் முதுகைப் பற்றிப் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டீக்கடை முன்னால் பெரிய வண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். டீ குடித்துவிட்டு ஏற்காடு, இல்லையென்றால் கொல்லிமலை, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. நான் விழுந்த கதை அவர்களுக்குத் தெரிந்த பிறகு எனக்கும் அங்கே ஒரு டம்ளர் டீ நிலையாகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் விழாதவர் யாருமில்லை, ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொல்வார்: "ஓடுற வரைக்கும் இதுக்கு வெயிட்டே கெடையாதுங்க. நின்னாத்தான் வெயிட்டு." ஓடும்போது சக்கரங்கள் வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொள்கின்றன. நின்றதும் முழுச் சுமையும் ஒற்றைக் காலுக்கு வந்துவிடுகிறது. அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் இயற்பியல் முழுக்க இருக்கிறது.

வங்கியில் வேலை பார்க்கும் இன்னொருவருக்கு முன்சக்கரம்தான் எல்லாம். 21 அங்குலச் சக்கரம் குழியில் இறங்காது, குழியைத் தாண்டிப் போகும் என்பார். அதே சக்கரம் கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் சோம்பேறி, முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் திரும்பும் என்பதையும் அவரே சொல்வார். பெங்களூரிலிருந்து வார விடுமுறைக்கு வரும் மென்பொருள் தம்பிக்கு நெடுஞ்சாலையில் காற்று மோதுவது பிரச்சினை. உட்காரும் இடம் நூறு கிலோமீட்டருக்கு மேல் பலகையாகிவிடுகிறது என்பது எல்லோருக்கும் பொது. ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று ஓட்டினால் முதுகுக்கு வரவேண்டிய அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும் என்பதும் பொது.

ஒன்றை மட்டும் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். சரிவில் யு-டர்ன் எடுக்க எல்லோருக்கும் பயம். வண்டியை நிறுத்தும்போது முகப்பு இறக்கத்தைப் பார்த்து நிற்கக் கூடாது, பிறகு பின்னால் தள்ள முடியாது. எங்கே போகலாம் என்று முடிவெடுப்பதைவிட எங்கே நிற்கலாம் என்று முடிவெடுப்பதில்தான் இவர்களுடைய மூளை அதிகம் வேலை செய்கிறது. ஆனால் புதிதாக ஒருவர் வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்கும்போது ஏழு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"கால் எட்டுதுங்களா?"

*

வண்டி ஏன் இவ்வளவு உயரமாக இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கான பதில் 1948இல் தொடங்குகிறது. அந்த வருடம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் புல்லட்டின் புது மாதிரி ஒன்றைக் கரடுமுரடான பாதைப் போட்டிகளில் இறக்கியது. அதன் பின்சக்கரம் ஊசலாடும் கையில், ஸ்பிரிங்கோடு இருந்தது. அன்றைக்குப் பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் சட்டத்தோடு இறுகியிருக்கும், ஓட்டுபவருக்கு சீட்டுக்கு அடியில் மட்டும் ஸ்பிரிங். பின்பக்கம் ஸ்பிரிங் வைத்தால் சக்கரம் தரையைப் பற்றாது என்று பழைய ஓட்டுநர்கள் நம்பினார்கள். அதே வருடம் இத்தாலியில் சான் ரெமோ நகரில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் புல்லட் ஓட்டினார்கள். இருவருக்கும் தங்கப் பதக்கம். ஸ்பிரிங் வைத்த சக்கரம்தான் தரையை விடாமல் தொடர்கிறது என்பது அங்கே தெரிந்தது.

சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் ஆடலாமோ, அவ்வளவு பெரிய குழியை வண்டி விழுங்கும். ஆனால் ஆட இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் எஞ்சினும் சட்டமும் சீட்டும் மேலே போக வேண்டும். உயரம் இங்கே பகட்டுக்காக வந்ததல்ல. குழியின் ஆழத்தைத்தான் நிறுவனங்கள் சீட்டின் உயரமாக விற்கின்றன.

1955இல் புல்லட் சென்னைக்கு வந்தது. இந்திய ராணுவத்துக்கு எல்லைப் பகுதிகளில் ஓட்ட வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் படுத்துவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின் வந்துகொண்டே இருந்தது.

அப்படி வந்ததில் ஒன்று எங்கள் வீட்டில் நின்றது. அப்பா சேகோ ஃபேக்டரிகளுக்குக் குச்சிக்கிழங்கு பிடித்துக் கொடுக்கும் வேலை செய்தார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் முளைத்த தொழில் இது. கிழங்கைக் காட்டிலேயே பார்த்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் வரும் என்று கணித்து விலை பேச வேண்டும். ராசிபுரம், ஆத்தூர், பேளுக்குறிச்சி, கொல்லிமலை. தார் முடிந்த பிறகுதான் அவருடைய வேலை தொடங்கும். வண்டித்தடம், வரப்பு, ஓடை, செம்மண் சேறு. வண்டியில் பின்னால் ஒரு கோணிப்பையில் மாதிரிக் கிழங்கு, டேங்க் மேல் மஞ்சள் பை. இருபத்திரண்டு வருடம் ஓட்டினார். இப்போது அவருடைய முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துபோயிருக்கிறது. "ரோடு தின்னுருச்சு" என்பார். வண்டியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் செய்ததற்கு இன்றைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அட்வென்ச்சர்.

*

1980இல் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வண்டிகள் பிறந்தன.

ஒன்று ஜெர்மனியில். பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ். ஜி என்றால் ஜெர்மன் மொழியில் காடுமேடு, எஸ் என்றால் தெரு. ஏறக்குறைய 800 சிசி, 50 குதிரைத்திறன், முன்னால் 21 அங்குலச் சக்கரம், முன்சக்கரம் ஆட 200 மில்லிமீட்டர் இடம். சீட்டின் உயரம் 860 மில்லிமீட்டர். அதற்கு முன்னால் சேற்றில் ஓட இளைத்த வண்டி, சாலையில் ஓடப் பருத்த வண்டி என்று இரண்டு சாதி இருந்தது. இந்த வண்டி இரண்டையும் ஒன்றாக்கியது. இன்றைக்கு நாம் அட்வென்ச்சர் என்று சொல்லும் எல்லாப் பெரிய வண்டிகளுக்கும் இதுதான் பாட்டி.

மற்றொன்று சூரமங்கலத்திலிருந்து 160 கிலோமீட்டர் தூரத்தில், ஓசூரில். டிவிஎஸ் 50. 50 சிசி மொபெட், இரண்டு பேர் உட்காரலாம், பெடல் உண்டு. சீட்டு இவ்வளவு உயரம் என்று யாரும் அளந்து சொன்னதாக நினைவில்லை. தேவைப்படவில்லை. யார் உட்கார்ந்தாலும் இரண்டு காலும் முழுசாகத் தரையில் இருக்கும்.

ஜெர்மன் வண்டி பாலைவனத்துக்குப் போனது. தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977இல் ஒரு போட்டியின்போது லிபியப் பாலைவனத்தில் வழிதவறி, பிழைத்து வந்து, அந்த மணலுக்கே மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிய போட்டிதான் பாரிஸ்-டக்கார். முதல் ஓட்டம் 1978 டிசம்பரில் கிளம்பியது. 1981இலும் 1983இலும் ஊபெர் ஓரியோல் பிஎம்டபிள்யூவில் வென்றார். 1984இலும் 1985இலும் அதே நிறுவனத்தின் வண்டியில் வென்றவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த காஸ்டன் ராயே. மோட்டோகிராஸில் மூன்று முறை உலகச் சாம்பியன்.

அவருடைய உயரம் 164 சென்டிமீட்டர்.

இதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. போட்டிக்காகப் பெரிய டேங்க் பொருத்தி இன்னும் உயரமாக்கிய வண்டியில் அவருக்குக் கால் எட்டவே எட்டாது. ஒரு காலை ஃபுட்ரெஸ்டில் வைத்து, வண்டியோடு கூடவே ஓடி, நகர ஆரம்பித்த பிறகு ஏறிக்கொள்வார். நிற்க வேண்டுமென்றால் இறங்கிவிடுவார். அப்படித்தான் சகாராவை இரண்டு முறை கடந்து முதலில் வந்தார். 2016இல் வெளியான உலகளாவிய உயர ஆய்வு ஒன்றின்படி, 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டர் அளவு. பெண்களுக்கு 153. நெதர்லாந்து ஆண்களுக்கு 182க்கு மேல். டக்காரை இரண்டு முறை வென்ற ஆள் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் கூட்டத்தில் தெரியமாட்டார்.

ஓசூர் வண்டி எங்கே போனது? நாமக்கல்லில் முட்டை அட்டைகளை ஆளுயரம் அடுக்கிக்கொண்டு போனது. தேங்காய், வாழைத்தார், பால் கேன், ஆட்டுக்குட்டி, குச்சிக்கிழங்கு மூட்டை. வரப்பில் போனது. பெண்கள் ஓட்டினார்கள், தாத்தாக்கள் ஓட்டினார்கள். சேற்றில் மாட்டினால் இறங்கித் தூக்கி அந்தப் பக்கம் வைக்கலாம். 200 மில்லிமீட்டர் ஆடும் ஸ்பிரிங் அதற்கு இல்லை. ஆனால் எந்த இடத்திலும் நிற்க முடியும் என்ற தைரியம் இருந்தது. வேறு வண்டி போகாத இடத்துக்குச் சுமையோடு போய்த் திரும்புவதுதான் அட்வென்ச்சர் வண்டியின் இலக்கணம் என்றால், சேலம் நாமக்கல் சமவெளியில் அந்த வேலையை அதிகம் செய்தது இதுதான்.

2004இல் இவான் மெக்ரெகர், சார்லி பூர்மன் என்ற இரண்டு நடிகர்கள் பெரிய பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வண்டிகளில் லண்டனிலிருந்து கிழக்காகக் கிளம்பி நியூயார்க் வரை போனார்கள். அந்தத் தொலைக்காட்சித் தொடர்தான் உலகம் முழுக்க நடுத்தர வயதுக்காரர்களை இந்த வண்டிகள் பக்கம் தள்ளியது. மங்கோலியச் சேற்றில் அந்த வண்டிகள் படுத்துப் படுத்து எழுந்தன. ஒளிப்பதிவாளரின் வண்டி கைவிட்டபோது அவருக்கு ஒரு சின்ன ருஷ்ய வண்டியை வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றில் இளைத்த அந்த வண்டி சேற்றில் சமாளித்ததைப் பார்த்தால் எங்கள் டீக்கடையில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இதுக்கு நம்ம எக்ஸெல்லே போதுமே."

*

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது.

அப்பா கிழங்கு பிடிக்கப் போன காலத்தில் சேலம் நாமக்கல் சாலையே இரண்டு லாரி எதிர்ப்பட்டால் ஒன்று மண்ணில் இறங்கும் சாலை. 2000களின் இறுதியில் அது நான்கு வழியானது. தேசிய நெடுஞ்சாலை 7 என்ற பெயர் போய் 44 ஆனது. ஊர்ப்பாதைகளுக்கும் தார் வந்தது. 2020இல் ஐந்து ரோட்டில் ஈரடுக்குப் பாலம் திறந்தார்கள். அப்படிச் சாலைகள் சரியாகிக்கொண்டு வந்த காலத்தில்தான், மோசமான சாலைக்கான வண்டிகள் நமக்கு வந்து சேர்ந்தன. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2018இல், ஓசூரில் டிவிஎஸ் தயாரித்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ். 1980இல் பிறந்த அந்த இரண்டு வண்டிகளின் வம்சமும் ஓசூரில் சம்பந்தம் செய்துகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

குழி இருந்தபோது குழியை விழுங்கும் வண்டி இல்லை. அந்த வண்டி வந்தபோது அதற்குத் தீனியாகக் குழியைத் தேடி மலைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு தலைமுறையின் முதுகுத்தண்டு நடுவில் போய்விட்டது. அப்பா மாதிரி கிழங்கு பிடித்தவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், வட்டிக்குக் கொடுத்து வசூலுக்குப் போனவர்கள், கிராம நர்சுகள். இவர்களுடைய அபிப்பிராயத்தை எந்த நிறுவனமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்குக் குதிரைத்திறன் வேண்டாம், நல்ல ஸ்பிரிங் வேண்டும், கால் எட்ட வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஹிமாலயனில் இந்தக் குரல் கொஞ்சம் கேட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 411 சிசி, 24.5 குதிரைத்திறன். சிசிக்கு இது குறைச்சல் என்று எண்களைப் பேசுபவர்கள் எழுதினார்கள். ஆனால் முன்சக்கரம் 21 அங்குலம், அது ஆட 200 மில்லிமீட்டர். சாகசத்தின் பாட்டியிடம் இருந்த அதே அளவு. சீட்டின் உயரம் மட்டும் 800. பாட்டியைவிட 60 மில்லிமீட்டர் தாழ்வு. 2023இல் வந்த 452 சிசி ஹிமாலயன் 40 குதிரைத்திறனோடு 825க்கு ஏறியது. விரும்பினால் 845 ஆக்கலாம், தாழ்ந்த சீட்டு வாங்கினால் 805. ஜி 310 ஜிஎஸ் 835. இந்த எண்களைத்தான் டீக்கடையில் எல்லோரும் ராசிபலன் மாதிரி மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சீட்டின் உயரத்தை அளப்பது காலி வண்டியில். ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கும். கரடுமுரடான பாதைக்கான வண்டியில், ஸ்பிரிங் ஆடும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, ஆள் உட்கார்ந்தாலே அமுங்க வேண்டும் என்பது கணக்கு. 85 கிலோ ஆள் உட்கார்ந்தால் அமுங்கும். 52 கிலோ நான் உட்கார்ந்தால் வண்டி என்னைக் கண்டுகொள்வதே இல்லை. குட்டையான ஆளுக்குத்தான் வண்டி தாழ வேண்டும். குட்டையான ஆள் பெரும்பாலும் எடை குறைவு என்பதால் அவருக்குத்தான் அது தாழ்வதும் இல்லை. பட்டறை அண்ணன் ஸ்பேனரை எடுத்து ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் குறைத்துக் கொடுத்த பிறகு எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

*

இப்போது அப்பாவின் 'அதான்'.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெளித்த தண்ணீர் தெருவின் நடுவிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமாக ஓடி வந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பாத்தியா?" என்றார். "எத?" என்றேன். "ரோடு சாயுது பாரு."

சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும், மழைத் தண்ணீர் வழிவதற்காக. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். நாம் சாலையின் இடது பக்கம் போகிறோம். அப்படியென்றால் நமக்கு எப்போதும் இடது பக்கம் தாழ்வு, வலது பக்கம் மேடு. ஓரங்கட்டினால் இன்னும் தாழ்வு. இன்றைய வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். ஏற்றத்தில் நின்றுவிட்டுக் கிளம்ப வலது கைக்கு ஆக்சிலேட்டர் வேலை இருப்பதால், வலது கால் பிரேக்கிலேயே இருந்தாக வேண்டும். ஆக ஊன்றக் கிடைப்பது இடது கால் மட்டுமே. அதுவும் தரை தாழ்ந்த பக்கத்தில்.

ஜெர்மனியில் வலது பக்கம் போகிறார்கள். சாலை வலது ஓரத்துக்குச் சாய்கிறது. இடது காலை ஊன்றினால் மேட்டில் ஊன்றுகிறார்கள். 860 மில்லிமீட்டர் அங்கே ஒன்று, இங்கே ஒன்று.

"பழைய வண்டியில எனக்கு இந்தத் தொந்தரவே இல்ல" என்றார் அப்பா. பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். திருவொற்றியூர் புல்லட்டிலும் 2000க்குப் பிறகு சில வருடங்கள் வரை அப்படித்தான். இடது கால் பிரேக்கைப் பிடித்திருக்கும், வலது கால் சாலையின் மேட்டுப் பக்கம் இறங்கும். இதற்காகவே யாரோ யோசித்து அப்படி வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தாலியில் வலது பக்கம்தான் போகிறார்கள், அவர்களுடைய பழைய வண்டிகள் பலவற்றிலும் கியர் வலது காலில்தான் இருந்தது. 1970களின் நடுவில் அமெரிக்கா இடது கால் கியரைச் சட்டமாக்கியது. அந்தப் பெரிய சந்தைக்காக உலகமே மாறியது. தற்செயலாக நமக்குப் பொருந்தியிருந்த ஒன்று, தற்செயலாகவே போய்விட்டது. அப்பாவின் வலது செருப்பு எப்போதும் முதலில் தேயும் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இத்தனை மதிப்புரைகள் படித்திருக்கிறேன். எதிலும் இந்த ஒன்றரை அங்குலம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் வண்டியை விற்றுவிட்ட ஒருவரிடம் இருந்தது.

*

மாசி மாதம் அதே வண்டியை மறுபடி இரவல் வாங்கினேன். கொல்லிமலைக்கு வருகிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். அம்மா என்னைத் திட்டினாள். அவர் முதுகுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

காலைத் தூக்கிப் போட அவரால் முடியவில்லை. வண்டியைத் திண்ணையை ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார். திண்ணை மேல் ஏறி நின்று, அங்கிருந்து, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நகர்வதுபோல நகர்ந்து உட்கார்ந்தார். எழுபது கிலோ. வண்டி பின்னால் அமுங்கியது. அப்போதுதான் கவனித்தேன், என்னுடைய இடது குதிகால் தரையில் இருந்தது. விரல் நுனி இல்லை, குதிகால்.

ராசிபுரம் வரை ஒன்றும் பேசவில்லை. பேளுக்குறிச்சி தாண்டியதும் கையை நீட்டி ஒவ்வொரு காடாகக் காட்டினார். இங்கே 28 பாயிண்ட் கிழங்கு, அங்கே தண்ணிக் கிழங்கு, அந்தக் கிணற்று மேட்டில் ஒருமுறை வண்டியோடு விழுந்தது. காரவள்ளியில் டீ குடித்துவிட்டு மலை ஏறினோம். எழுபது வளைவு. குழி வரும்போதெல்லாம் பின்னால் ஒரு முனகல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். பத்தாவது வளைவில் முனகலுக்குப் பதிலாகக் குரல் வந்தது.

"இது குழியில எறங்கவே மாட்டேங்குதே கண்ணு."

"நல்லா இருக்குங்களாப்பா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "அப்ப இது இருந்திருக்கலாம்" என்றார்.

இருபதாவது வளைவுக்கு மேல் எதிரே ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. ஒதுங்கி நின்றாக வேண்டும். இடது பக்கம் சரளைக்கல், அதற்குக் கீழே சரிவு. எனக்கு சூரமங்கலம் ஞாபகம் வந்துவிட்டது. கை வியர்த்தது. பின்னாலிருந்து அப்பாவின் கை என் தோள்மேல் வந்து, பத்தடி முன்னால் ஓர் இடத்தைக் காட்டியது. மழையில் மண் வந்து சேர்ந்து, தார் விளிம்புக்குச் சமமாக மேடிட்டிருந்தது.

"அங்க போய் நிறுத்து. அங்க கால் எட்டும்."

எட்டியது.